நீர்த்த மாசு வாயுக்களை எரிக்கும் திசைமாற்று உலை: வெப்பக் கணக்கு முதல் அன்றாட இயக்கம் வரை முழுமையான வழிகாட்டி

ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராம் அல்லது ஒன்றரை கிராம் கரைப்பான் ஆவி. மூக்குக்கு அது நன்றாகவே தெரியும், தீக்குச்சிக்குத் தெரியாது. அச்சகம், பெயின்ட் கூடம், மருந்து ஆலை, நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றோட்டக் குழாய் என எங்கிருந்து வந்தாலும் இந்த வகைக் காற்று தானாக எரியாது. எரிய வேண்டுமென்றால் அதை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்ற வேண்டும். அந்தச் சூடு முழுவதையும் எரிபொருளால் கொடுக்கப் போனால் செலவு கையைக் கடிக்கும். ஒரு கிராம் மாசை ஒழிக்கப் பல கிராம் எரிவாயுவை எரிப்பது யாருக்கும் கட்டாது.

இந்தச் சிக்கலுக்கான விடைதான் ரிவர்ஸ் ஃப்ளோ ரியாக்டர் எனப்படும் திசைமாற்று உலை. எரிந்த வாயு கொண்டுபோகும் சூட்டை, பீங்கான் துண்டுகள் நிரப்பிய படுகையில் பிடித்து வைத்து, அடுத்து வரும் குளிர்ந்த வாயுவுக்குக் கொடுக்கிறது. அதற்காக ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாயு ஓடும் திசையை மாற்றுகிறது. இவ்வளவுதான் தத்துவம். ஆனால் இதை விற்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் சராசரிச் செறிவை மட்டும் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். என் அனுபவத்தில் சராசரி அரைக் கதைதான். செறிவு எந்த அளவுக்கு, எவ்வளவு நேரம் ஏறி இறங்குகிறது என்பதே உலையின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

உள்ளே என்ன நடக்கிறது

சூட்டைச் செங்கல்லில் தேக்கித் திருப்பித் தரும் யோசனை பழையது. ஃபிரெடரிக் சீமென்ஸ் 1856இல் காப்புரிமை பெற்ற மீட்பு உலை இதே வழியில்தான் இயங்கியது. மாசு வாயுவைச் சுத்தப்படுத்த அதைப் பயன்படுத்தலாம் என்று 1938இல் காப்புரிமை பெற்றவர் ஃபிரெடரிக் காட்ரெல். மின்புலத்தால் தூசி பிடிக்கும் கருவிக்காக நாம் அறிந்த அதே காட்ரெல். வினையூக்கிப் படுகையில் திசையை மாற்றி மாற்றி இயக்கும் முறையை ஆழமாக ஆராய்ந்து ஆலைக்குக் கொண்டுவந்தவர்கள் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வினையூக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போரெஸ்கோவ், மாட்ரோஸ் குழுவினர். அவர்களுடைய முதல் இலக்கு கரைப்பான் ஆவி அல்ல. உலோக உருக்காலைகளிலிருந்து வரும் நீர்த்த கந்தக டைஆக்சைடை டிரைஆக்சைடாக மாற்றுவது.

உலையின் நடுப்பகுதி 850 டிகிரியில் இருக்கிறது, இரு முனைகளும் குளிர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்திலிருந்து 30 டிகிரியில் வாயு நுழைகிறது. சூடான பீங்கானைத் தொட்டுத் தொட்டு அது சூடேறுகிறது, பீங்கான் ஆறுகிறது. நடுவை எட்டும்போது மாசு எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் ஆகிறது, கொஞ்சம் வெப்பமும் சேர்கிறது. பிறகு வலப்பக்கப் பீங்கானுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, உள்ளே வந்ததைவிடச் சற்றே கூடிய வெப்பநிலையில் வெளியேறுகிறது. இப்படியே விட்டால் சூடான பகுதி முழுவதும் மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, கடைசியில் உலையை விட்டே போய்விடும். போவதற்கு முன் திசையை மாற்றினால் அது இடப்பக்கமாகத் திரும்புகிறது.

நகரும் வேகத்தைச் சுலபமாகக் கணக்கிடலாம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.3 கிலோஜூல் போதும். 70 சதவீதம் காலி இடம் உள்ள பீங்கான் படுகையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோஜூல் தேவை. ஆகவே வாயு வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் வெப்ப அலை வினாடிக்கு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நகரும். 90 வினாடியில் 17 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள படுகையில் இது பயப்படும் தூரம் அல்ல, அலட்சியப்படுத்தும் தூரமும் அல்ல.

இந்த வழிகாட்டியில் வரும் கன மீட்டர்கள் எல்லாம் சுழியம் டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அளந்தவை. ஆலையின் விசிறித் தகட்டில் பொறித்திருக்கும் எண் பெரும்பாலும் அப்படி இருக்காது. மாற்றாமல் கணக்கைத் தொடங்கினால் எல்லா விடையும் பத்து சதவீதத்துக்கு மேல் பிசகும்.

முதல் படி: வாயுவை முழுதாக அறிந்துகொள்ளுங்கள்

ஒரே ஒரு மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி வரும் எண்ணை வைத்து உலை வாங்கக் கூடாது. கரிம ஆவியின் செறிவைத் தொடர்ந்து காட்டும் தீச்சுவாலை அயனியாக்க அளவியை நுழைவுக் குழாயில் பொருத்தி, உற்பத்தியின் எல்லா நிலைகளும் வந்துபோகும் வரை தொடர்ந்து பதிவுசெய்யுங்கள். தொட்டி கழுவும் நேரம், ஷிஃப்ட் மாறும் நேரம், உணவு இடைவேளை ஆகியவைதான் சுவாரசியமான நேரங்கள். மூன்று எண்கள் வேண்டும்: சராசரி, மிகக் குறைந்த செறிவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, மிக உயர்ந்த செறிவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது.

செறிவைத் தவிர, வாயுவில் வேறென்ன வருகிறது என்பதும் தெரிய வேண்டும். சிலிக்கான் சேர்மம் துளி இருந்தாலும் எரிந்து வெள்ளைச் சிலிக்கா தூளாகிப் பீங்கான் துளைகளை அடைக்கும். வினையூக்கி இருந்தால் அதன் மேல் போர்வைபோல் படிந்து செயலிழக்கச் செய்யும். குளோரின் உள்ள கரைப்பான் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறும். உலைக்குப் பின்னால் கழுவும் கோபுரம் வேண்டும், குளிர்ந்த முனையின் உலோகத்தையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். கந்தகம் இருந்தால் அமிலம் பனிக்கும் வெப்பநிலைக்கு மேலேயே வெளியேற்றத்தை வைத்திருக்க வேண்டும். காரத் தூசி பீங்கானையே உருக்கித் தின்னும். கொதிநிலை உயர்ந்த எண்ணெய் ஆவியும் தாரும் குளிர்ந்த முனையில் படிந்து, ஒருநாள் அங்கேயே தீப்பிடிக்கும்.

வெடிப்பு வரம்பை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். பெயின்ட், அச்சு மைக் கரைப்பானான டொலுயீனின் வெடிப்புக் கீழ் வரம்பு (இதற்குக் குறைந்தால் தீப்பற்றிப் பரவாது) காற்றில் ஏறத்தாழ 1.1 சதவீதம், எடைக்கணக்கில் கன மீட்டருக்கு 45 கிராம். அதில் நாலில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 11 கிராமை, எந்த நிமிடத்திலும் தாண்டாதபடி புதுக்காற்று கலக்க வழி இருக்க வேண்டும். மீத்தேனுக்குக் கீழ் வரம்பு 5 சதவீதம். உலைக்குள் எப்போதும் 850 டிகிரியில் ஒரு பற்றவைப்பான் காத்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு யாரும் இந்தப் பிரிவைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் படி: வெப்பக் கணக்கு

இதுதான் இந்த வேலையின் இதயம். ஒரு மாதிரி ஆலையை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 கன மீட்டர் காற்று; அதில் சராசரியாகக் கன மீட்டருக்கு 1.5 கிராம் டொலுயீன், குறைந்தபட்சம் 0.3 கிராம், அதிகபட்சம் 5 கிராம்.

ஒரு கிராம் டொலுயீன் எரிந்தால் ஏறத்தாழ 40.5 கிலோஜூல் கிடைக்கும். 1.3ஆல் வகுத்தால், கன மீட்டருக்கு ஒரு கிராம் மாசு அந்தக் காற்றை 31 டிகிரி உயர்த்தும். சராசரியில் 47 டிகிரி, மிகக் குறைவில் 9 டிகிரி, மிக உயர்வில் 156 டிகிரி. மீத்தேனாக இருந்தால் காற்றில் ஒரு சதவீதத்துக்கு ஏறத்தாழ 260 டிகிரி என்று நினைவில் வைத்தால் போதும்.

செலவுப் பக்கம்: உலையின் நடுப்பகுதி 850 டிகிரி, நுழைவு 30 டிகிரி, வெப்ப மீட்பு 95 சதவீதம். 820இல் 5 சதவீதம் 41 டிகிரி. அதாவது வாயு சராசரியாக 71 டிகிரியில் வெளியேறும். சுவர் வழியே கசிவதற்கு இன்னொரு 5 டிகிரி. மொத்தம் 46. சராசரி வரவு 47. எரிபொருள் இல்லாமல் தானே ஓடும் உலை! விற்பனைத் தாளில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

நாம் நிறுத்த வேண்டாம். 0.3 கிராம் வரும்போது 37 டிகிரி பற்றாக்குறை. வினாடிக்கு 10 கன மீட்டருக்கு அது ஏறத்தாழ 480 கிலோவாட். நம் உலையில் நடுவே பர்னர் உள்ள எரியும் அறை, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு படுகை. ஒன்றரை மீட்டர் ஆழம், 10 சதுர மீட்டர் பரப்பு உள்ள அந்த இரண்டு படுகைகளும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற 21,000 கிலோஜூல் கொள்ளும். ஆகவே பர்னர் எரியாவிட்டால் படுகை மணிக்கு 80 டிகிரி அளவில் ஆறிக்கொண்டே போகும். இடைவேளை அரை மணி நேரம்தான் என்றால் படுகையே அதைத் தாங்கிவிடும். இரவு முழுவதும் அப்படி வந்தால் பர்னர் இல்லாமல் விடியாது.

மறுபக்கம் இன்னும் மோசம். 5 கிராம் வந்தால் 110 டிகிரி மிச்சம். ஏறத்தாழ 1,430 கிலோவாட். படுகை மணிக்கு 245 டிகிரி வேகத்தில் சூடேறும். தொட்டி கழுவும் கால் மணி நேரத்தில் 60 டிகிரி ஏறி அடங்கினால் பரவாயில்லை. ஒரு மணி நேரம் நீடித்தால் 1,100 டிகிரியை நெருங்கும். பீங்கான் தாங்கினாலும் உள்காப்பும் படுகையைச் சுமக்கும் உலோகக் கிராதியும் தாங்காது. சராசரி ஒன்றே என்றாலும், கால் மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆலைக்கும் எட்டு மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆலைக்கும் வேண்டிய உலை ஒன்றல்ல.

சராசரியே 0.3 கிராமுக்குக் கீழே இருக்கும் ஆலைகளுக்கு நேராக இந்த உலையைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆவியை ஒட்டவைத்துக்கொள்ளும் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் பூசிய சுழல் சக்கரத்தில் மாசைப் பிடித்து, பத்து மடங்குக்கு மேல் செறிவாக்கி, அந்தச் சிறிய ஓட்டத்தை மட்டும் எரிப்பது மேல்.

மூன்றாம் படி: வெறும் பீங்கானா, வினையூக்கியா

வெறும் பீங்கான் உலையில் பெரும்பாலான கரைப்பான்களுக்கு 800 முதல் 900 டிகிரி வேண்டும். சூடான பகுதியில் வாயு அரை வினாடி முதல் ஒரு வினாடி வரை தங்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எரிவதற்குச் சோம்பேறி. வெப்பநிலையைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்த்தால் முதலில் புகைபோக்கியில் எட்டிப்பார்ப்பது அதுதான். மீத்தேன் இன்னும் பிடிவாதக்காரன், ஏறத்தாழ 1,000 டிகிரி கேட்கும்.

நடுவில் பிளாட்டினம் அல்லது பல்லேடியம் பூசிய அடுக்கை வைத்தால் 300 முதல் 400 டிகிரியில் வேலை முடிந்துவிடும். 350 டிகிரி என்றால் நுழைவோடு வித்தியாசம் 320. அதில் 5 சதவீதம் 16 டிகிரிதான். சுவர்க் கசிவையும் தனியே சேர்த்துக்கொண்டால் கன மீட்டருக்கு 0.7 கிராம் அளவுக்கு டொலுயீன் இருந்தாலே தானாக ஓடும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் முதல் படியில் சொன்ன சிலிக்கான், கந்தகம், பாஸ்பரஸ், ஹாலஜன் பட்டியலில் ஒன்று இருந்தாலும் வினையூக்கியின் ஆயுள் சூதாட்டம் ஆகிவிடும். அதோடு, வெப்பநிலை 650, 700 டிகிரியைத் தாண்டினால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்து, செயல்திறன் மீளாமல் குறையும். ஆகவே செறிவு திடீர் திடீரென்று எகிறும் ஆலைக்கு வெறும் பீங்கான். நீர்த்தாலும் நிலையாக வரும் சுத்தமான வாயுவுக்கு வினையூக்கி. இதற்கு மேல் நுணுக்கமான விதி எனக்குத் தேவைப்பட்டதில்லை.

வினையூக்கியைப் படுகையின் முனை வரை நிரப்புவது வீண்செலவு. முனைகள் எப்போதும் குளிர்ந்திருக்கும், அங்கே வினை நடக்காது. வெப்பநிலை ஏறி இறங்குவதால் வினையூக்கி சிதைவதுதான் மிச்சம். இரு முனைகளிலும் வெறும் பீங்கான், நடுவில் மட்டும் வினையூக்கி என்பதே முறை. கந்தக டைஆக்சைடு விஷயத்தில் மட்டும் ஒரு அழகு உண்டு: அந்த வினை சமநிலைக்குக் கட்டுப்பட்டது, குளிர்ந்தால்தான் மாற்றம் முழுமையடையும். திசைமாற்று உலையில் வெளியேறும் பக்கம் இயல்பாகவே குறைந்துகொண்டே போகும் வெப்பநிலை கிடைப்பதால், போரெஸ்கோவ் குழுவினர் அந்த வினையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல.

நான்காம் படி: படுகையும் அதன் அளவும்

குறுக்குப் பரப்பை வாயு வேகத்திலிருந்து முடிவுசெய்யுங்கள். வினாடிக்கு ஒரு மீட்டரை ஒட்டி வைத்தால் அழுத்த இழப்பு கட்டுக்குள் நிற்கும். நிரப்புப் பொருளில் இரண்டு பெரிய கட்சிகள். சேணம் போன்ற வளைந்த துண்டுகளைக் கொட்டி நிரப்புவது ஒன்று. தேன்கூடு போன்ற நேர்த்துளைக் கட்டிகளை அடுக்குவது இன்னொன்று. தேன்கூட்டுக் கட்டியில் ஒரே கன அளவுக்குப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல், அழுத்த இழப்பும் குறைவு. சேணத் துண்டு தூசியையும் தவறான இயக்கத்தையும் பொறுத்துக்கொள்ளும். வெளியே எடுத்துக் கழுவித் திரும்பக் கொட்டலாம். தூசி வரும் என்று சந்தேகம் இருந்தாலே குளிர்ந்த முனையில் ஓர் அடுக்காவது சேணத் துண்டு போடுவது புத்திசாலித்தனம். அதைத் தாங்கும் உலோகக் கிராதி மேலேயுள்ள பல டன் பீங்கானைச் சுமக்கிறது. வெளியேற்ற வெப்பநிலை அதன் வடிவமைப்பு வரம்பைத் தாண்டாமல் தன்னியக்க நிறுத்தம் கட்டாயம்.

ஐந்தாம் படி: எப்போது திசையை மாற்றுவது

நம் மாதிரி ஆலையில் 90 வினாடி ஒரு திசை என்று வைத்தோம். அந்த 90 வினாடியில் உள்ளே வரும் படுகை சராசரியாக 87 டிகிரி ஆறுகிறது, வெளியேறும் படுகை அதே அளவு சூடேறுகிறது. நேரத்தை இரட்டிப்பாக்கினால் இந்த ஊசலாட்டமும் இரட்டிப்பாகும். வெளியேறும் வாயு கூடுதல் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். மீட்பு 95இலிருந்து சரியும். அப்படியானால் 20 வினாடிக்கு ஒருமுறை மாற்றலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

திசை மாறும் கணத்தில், உள்ளே நுழைந்துகொண்டிருந்த பக்கத்தின் குளிர்ந்த பகுதியில் இன்னும் எரியாத வாயு நிரம்பியிருக்கிறது. வால்வு மாறியதும் அது அப்படியே பின்வாங்கிப் புகைபோக்கிக்குப் போகிறது. படுகைக்குக் கீழேயுள்ள அறையும் குளிர்ந்த பாதிப் படுகையின் காலி இடமும் சேர்ந்து நம் ஆலையில் ஏறத்தாழ 8 கன மீட்டர். 90 வினாடியில் உலைக்குள் போவது 900 கன மீட்டர். ஆக, வேறெந்தக் குறையும் இல்லாவிட்டாலும் 0.9 சதவீதம் எரியாமல் தப்பிவிடுகிறது. 20 வினாடிக்கு ஒருமுறை மாற்றினால் இதே கணக்கு 4 சதவீதம். வெப்பம் நீண்ட நேரத்தை வெறுக்கிறது, சுத்தம் குறுகிய நேரத்தை வெறுக்கிறது. இரண்டு படுகை உலைகள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் நிற்பதற்குக் காரணம் இந்த இழுபறிதான்.

கடிகாரத்தை மட்டும் நம்பி மாற்றுவதைவிட, வெளியேறும் வாயுவின் வெப்பநிலை குறித்த அளவைத் தொடும்போது மாற்றுவது நல்லது. உற்பத்தி குறைந்து ஓட்டம் பாதியாகும்போது நேரம் தானாக நீளும். ஆனால் இரு திசை நேரங்களும் சமமாக இருக்கின்றனவா என்று கண்காணியுங்கள். சூடான பகுதி நாளடைவில் வலப்பக்கம் ஒதுங்கிப்போனால், வலப்பக்கத்திலிருந்து வாயு நுழையும் நேரத்தைச் சில வினாடிகள் கூட்டுங்கள். அலை இடப்பக்கம் தள்ளப்படும்.

ஆறாம் படி: வால்வுகளும் மூன்றாம் படுகையும்

98 சதவீத மாசு நீக்கம் போதும் என்றால் இரண்டு படுகை போதும். 99க்கு மேல் வேண்டும் என்று விதி கேட்டால் மூன்றாம் படுகை வேண்டும். ஒன்றில் வாயு உள்ளே போகும், ஒன்றிலிருந்து வெளியேறும், மூன்றாவதைச் சுத்தமான காற்று கழுவி, தங்கிய மாசை எரியும் அறைக்குத் தள்ளும். கழுவும் காற்று அந்தத் தங்கிய கன அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். விலை கூடும், வால்வுகள் கூடும், வெப்ப இழப்பும் கொஞ்சம் கூடும்.

மூன்றாம் படுகை வாங்கிவிட்டு மலிவான வால்வைப் பொருத்துவது வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஒரு சதவீத வால்வுக் கசிவு நீக்கத்தை நேராக 99க்குக் கீழே இழுத்துவிடும். கசிவு எப்போதும் அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தப் பக்கத்துக்குத்தான் போகும்; ஏனெனில் நுழைவு அறையின் அழுத்தம், படுகைகளின் மொத்த அழுத்த இழப்பு அளவுக்கு, வெளியேற்ற அறையைவிட எப்போதும் கூடுதல். அதனால் படுகை அடைபட அடைபட வால்வுக் கசிவும் கூடும். நீக்கம் குறைந்துவிட்டது என்று பர்னரைக் குறைசொல்பவர்கள் முதலில் அழுத்தமானியைப் பார்க்கட்டும். இருக்கையில் சரியாக உட்காரும் தட்டு வால்வு, அதன் இரு விளிம்புகளுக்கு நடுவே அழுத்தக் காற்று செலுத்தும் அமைப்பு, ஒரு வினாடிக்குள் முடியும் நகர்வு ஆகிய மூன்றையும் கொள்முதல் ஆணையில் எழுத்திலேயே கேளுங்கள்.

ஏழாம் படி: முதன்முறை சூடேற்றுதல்

மாசு வாயுவை முற்றிலும் மூடி, புதுக்காற்றால் உலையின் கன அளவைப்போலப் பல மடங்கு கழுவிய பிறகே பர்னரைப் பற்றவைக்க வேண்டும். புதிய உள்காப்பிலும் பீங்கானிலும் ஈரம் இருக்கும். முதல் முறை 100 முதல் 150 டிகிரிக்கு இடையே போதுமான நேரம் நிறுத்தி ஈரத்தை வெளியேற்றாவிட்டால் கட்டிகள் வெடிக்கும். பிறகு உற்பத்தியாளர் சொல்லும் வேகத்தில் ஏற்றுங்கள். இந்த நேரத்திலும் திசை மாற்றம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படுகை மட்டும் சூடேறி மற்றது குளிர்ந்தே கிடக்கும். எரியும் அறை இலக்கைத் தொட்டதும் அவசரப்பட்டு மாசு வாயுவைத் திறக்காதீர்கள். அறை சூடானால் படுகை சூடானதாக ஆகாது. படுகையின் நடு ஆழத்திலுள்ள தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் ஒரே உச்சத்தைக் காட்டத் தொடங்கிய பிறகு திறங்கள்.

எட்டாம் படி: நீர்த்தாலும் செறிந்தாலும் தாக்குப்பிடித்தல்

நீர்த்தால் பர்னர் எரியும், அல்லது நுழைவுக் காற்றில் சிறிதளவு எரிவாயு கலக்கப்படும். இரண்டாவது முறையில் எரிவாயு படுகைக்குள்ளேயே எரிவதால் சுவாலை இல்லை, நைட்ரஜன் ஆக்சைடும் குறைவு; ஆனால் வெடிப்பு வரம்புக் கணக்கில் அந்த எரிவாயுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செறிந்தால் வழி மூன்று. புதுக்காற்று கலந்து நீர்க்கச் செய்வது முதல் வழி. மலிவானது, ஆனால் விசிறிக்கு இடம் இருக்க வேண்டும். திசை மாற்றும் நேரத்தை நீட்டி வேண்டுமென்றே மீட்பைக் குறைப்பது இரண்டாவது; கொஞ்ச தூரம்தான் போகும், கிராதியின் வெப்பநிலை தடுத்துவிடும். மூன்றாவதுதான் உண்மையான தீர்வு: எரியும் அறையிலிருந்து சூடான வாயுவில் ஒரு பங்கை நேராக வெளியே எடுப்பது. நம் ஆலையில் 3 கிராம் வரும்போது வரவு 93 டிகிரி, தேவை 46. மிச்சமுள்ள 47 டிகிரி ஏறத்தாழ 600 கிலோவாட். 850 டிகிரி வாயுவில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் எடுத்தால் கணக்கு சரியாகும். அதைக் கொதிகலனில் விட்டால் நீராவி கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் 2007இல், ஒரு சதவீதத்துக்கும் குறைவான மீத்தேன் கலந்த காற்றோட்டக் காற்றைத் திசைமாற்று உலையில் எரித்து, நீராவி டர்பைன் வழியாக 6 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவில் ஆலை அமைத்தார்கள்.

சூடான வாயுக் குழாயின் வால்வு 850 டிகிரியில் வேலை செய்ய வேண்டியது. உலையிலேயே அதிகம் பழுதாகும் உறுப்பு அதுவே. மாற்று ஒன்று கிடங்கில் எப்போதும் இருக்கட்டும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். மாசு வாயு தானாகப் பக்கவழிக்குத் திரும்ப வேண்டும். உலையின் வால்வுகள் மூடிக்கொள்ள வேண்டும். எரியும் அறை மேலே, படுகைகள் கீழே என்ற அமைப்பில் சூடு மேலேயே தங்கும். பல மணி நேரம் கழித்தும் எளிதாக மீண்டும் தொடங்கலாம். ஒரே செங்குத்துப் படுகையின் நடுவில் சூட்டை வைக்கும் வகையில் நிலைமை வேறு: விசிறி நின்றதும் சூடான காற்று மெல்ல மேலெழும்பி, குளிர்ந்தே இருக்க வேண்டிய மேல் வால்வையும் கிராதியையும் பதம்பார்க்கும். அந்த வகைக்கு மேல் முனை வால்வு காற்றுப்புகாமல் மூடுவது இன்னும் முக்கியம்.

ஒன்பதாம் படி: அன்றாடக் கண்காணிப்பு

அழுத்த இழப்பை ஓட்டத்தோடு சேர்த்துத் தினமும் குறித்து வையுங்கள். ஓட்டம் மாறாமல் இழப்பு மாதந்தோறும் ஏறினால் படுகை அடைபடுகிறது. அடைப்பு குளிர்ந்த முனையில், பழுப்பாகப் பிசுபிசுத்தால் அது கரிமப் படிவு. சுத்தமான காற்றைக் குறைந்த ஓட்டத்தில் விட்டு, ஒரு படுகையின் கீழ்முனையை மெதுவாக 350 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோய் எரித்துவிடலாம். கிராதி அந்த வெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே; இதற்கென்றே அதை வடிவமைக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அடைப்பு சூடான பகுதியில், வெள்ளை மாவாக இருந்தால் அது சிலிக்கா. எரித்துப் பயனில்லை, மேல் அடுக்கைத் தோண்டி எடுப்பதுதான் வழி.

இரு படுகைகளின் ஒரே ஆழத்திலுள்ள தெர்மோகப்பிள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். அரைச் சுற்று தள்ளி ஒரே வடிவம் வர வேண்டும். ஒன்றின் வளைவு தட்டையாகி மற்றது கூர்மையாக இருந்தால், அநேகமாக ஒரு வால்வு முழுதாக மூடவில்லை.

பத்தாம் படி: ஏற்புச் சோதனை

உலையை ஒப்புக்கொள்ளும் நாளில் அளவி நிறுவனத்தின் ஆள் திசை மாறிய அரை நிமிடத்துக்குப் பின் ஒரு பையில் புகைபோக்கி வாயுவைப் பிடித்து, 99.8 சதவீதம் என்று சீட்டுக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. அந்த எண் பொய்யல்ல, ஆனால் பயனற்றது. மாசு தப்புவது திசை மாறும் அந்த ஒன்றிரண்டு வினாடிகளிலும் அதை அடுத்துப் பின்வாங்கும் சில வினாடிகளிலும்தான். அப்போது செறிவு வரைபடத்தில் ஊசி முனைபோல் எகிறி இறங்கும். பை திறந்தது அந்த ஊசி முனை கடந்த பிறகு.

நுழைவிலும் புகைபோக்கியிலும் ஒரே நேரத்தில் தொடர் அளவிகளை வையுங்கள். குறைந்தது பல முழுச் சுற்றுகளின் சராசரியை எடுங்கள். அரைச் சுற்றில் தொடங்கி அரைச் சுற்றில் முடிக்கக் கூடாது. அளவியின் மறுமொழி நேரம் சில வினாடிகளுக்குள் இருக்க வேண்டும், மாதிரிக் குழாய் சூடேற்றப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி முனை மழுங்கி, குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கரிமச் சேர்மத்தோடு கார்பன் மோனாக்சைடையும் அளவிடுங்கள். சோதனையை மூன்று முறை நடத்தக் கேளுங்கள்: சராசரிச் செறிவில் ஒன்று, மிகக் குறைந்த செறிவு அதன் முழு நேரமும் நீடிக்கும்போது ஒன்று, மிக உயர்ந்த செறிவு அதன் முழு நேரமும் நீடிக்கும்போது ஒன்று. மூன்றிலும் நீக்கமும் எரியும் அறை வெப்பநிலையும் எரிபொருள் செலவும் ஒப்பந்தத்தில் உள்ளபடி நின்றால் கையெழுத்துப் போடலாம்.